உறைந்தது யார்? குளிரும் எரிபொருளும் தொலைதூர விமானங்களும்

(ஜூரோங்கில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எரிபொருள் என்றதும் நம் மனத்துக்கு முதலில் வருவது நெருப்பு. ஜூரோங்கில் வேலை செய்பவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். பாதுகாப்பு வகுப்பு, தீத்தடுப்புப் பயிற்சி, கைத்தொலைபேசிக்குக்கூடக் கட்டுப்பாடு என்று எல்லாமே நெருப்பை நினைத்துத்தான். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது அதற்கு நேர் எதிரான ஒன்றைப் பற்றி. அதே எரிபொருள் குளிர்ந்தால் என்ன ஆகும்? பத்து, பதினைந்து, பதினெட்டு மணி நேரம் பறக்கும் விமானத்தின் இறக்கைக்குள் அது எப்படி இருக்கிறது? அதை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?

இதைச் சொல்ல நீ யார் என்று நீங்கள் கேட்கலாம். நான் பொறியாளர் அல்லள், விமானியும் அல்லள். வெகுசனத் தொடர்புத் துறையில் பட்டயம் பெற்று, கேமராவுக்கு முன்னால் நின்று பேசுவதைத் தொழிலாகக் கொண்டவள். ஆனாலும் இந்த விஷயத்தில் என் தொழிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை உரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

ஜூரோங்கில் தொடங்கும் பயணம்

இந்த மண்டபத்துக்குத் தெற்கே கடலைத் தாண்டினால் ஜூரோங் தீவு. ஏழு சிறு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக இணைத்து உருவாக்கிய நிலம் அது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கேயும் இந்தப் பக்கம் பயனியர் சாலை வட்டாரத்திலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் பல பொருள்களில் ஒன்றுதான் விமான எரிபொருள். அடிப்படையில் அது மண்ணெண்ணெய். நம் பாட்டிமார் ஊரில் அடுப்பும் அரிக்கேன் விளக்கும் எரித்த அதே குடும்பத்துப் பொருள், மிகக் கடுமையாகச் சுத்தம் செய்யப்பட்ட வடிவத்தில்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படுவதற்குமுன் அந்த எரிபொருளுக்குப் பல சோதனைகள் உண்டு. எந்த வெப்பத்தில் தீப்பிடிக்கும், எவ்வளவு கந்தகம் இருக்கிறது, எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள். அவற்றில் ஒன்று உறைநிலைச் சோதனை. மாதிரியை எடுத்துக் குளிர்விப்பார்கள். படிகங்கள் தோன்றும். பிறகு மெல்லச் சூடேற்றுவார்கள். கடைசிப் படிகமும் கரைந்து மறையும் வெப்பநிலை எதுவோ அதுவே அந்த எரிபொருளின் உறைநிலை.

சிங்கப்பூரிலும் உலகின் பெரும்பாலான நாடுகளிலும் பயன்படுவது ஜெட் ஏ-1 எனப்படும் வகை. அதன் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவாகக் கிடைப்பது ஜெட் ஏ. அதற்கு மைனஸ் 40 போதும். இந்த ஏழு டிகிரி வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும் என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். எண்ணெய் அப்படி ஒரே புள்ளியில் உறைவதில்லை. மார்கழி மாதத்தில் தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டில் காலையில் முதலில் கலங்கலாகும், பிறகு குழைவாகும், பிறகுதான் கட்டியாகும். இங்கே குளிர்சாதன அறையில் வைத்தாலும் அதேதான்.

விமான எரிபொருளும் அப்படித்தான். அது ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களின் கலவை. குளிரக் குளிர, அவற்றில் நீண்ட நேர்ச் சங்கிலி வடிவில் உள்ளவை முதலில் மெழுகாகப் பிரிகின்றன. எரிபொருள் உடனே பனிக்கட்டியாகிவிடாது. குழைந்து, தடித்து, குழாயில் ஓட மறுக்கும். இயந்திரத்துக்கு எரிபொருள் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 56 டிகிரி. வடதுருவத்துக்கு அருகே, சைபீரியாவுக்கு மேலே, குளிர்காலத்தில் அது மைனஸ் 70க்கும் கீழே போவதுண்டு. மைனஸ் 47இல் உறையும் எரிபொருள் மைனஸ் 56இல் எப்படி உறையாமல் இருக்கிறது?

அதற்கு விமானத்தின் வேகமே காரணம். ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு அளவில் பறக்கும் விமானத்தின் மீது மோதும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகுமே, அதே விதி. இதனால் இறக்கையின் தோல் உணரும் வெப்பநிலை வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 30 டிகிரி கூடுதல். வெளியே மைனஸ் 56 என்றால் இறக்கைக்கு மைனஸ் 25ஐ ஒட்டித்தான். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்ல அந்த வெப்பநிலையை நோக்கிக் குளிர்கிறது. மணிக்கு ஏறக்குறைய 3 டிகிரி என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு.

இங்கே நமக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. சாங்கியில் நிரப்பும் எரிபொருள் நம் ஊர் வெயிலைப்போலவே இளஞ்சூடாக இருக்கும். அது குளிர்ந்து முடிக்கவே பல மணி நேரம் ஆகும். நம்மை நாள்தோறும் வியர்க்க வைக்கும் வெப்பம் விமானிக்குக் கைச்சேமிப்பு மாதிரி. ஜனவரி மாதத்தில் பெய்ஜிங்கில் நிரப்பும் விமானத்துக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

நியூயார்க் விமானத்தின் கணக்கு

உலகின் மிக நீண்ட நேரடி விமானச் சேவை நம்முடையது என்பதில் சிங்கப்பூரர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர்பஸ் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நுவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. நான்கு இயந்திரங்கள் கொண்ட அந்த விமானம் எரிபொருளை அதிகம் குடித்தது. 2013 நவம்பரில் சேவை நின்றது. பின்னர் 2018 அக்டோபர் 11ஆம் தேதி, இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தோடு மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் பறக்கிறது. 15,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், 18 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். அந்த விமானத்தின் கலன்கள் 165,000 லிட்டர் கொள்பவை. பயணிகளுக்கு இருக்கைகளோ 161 மட்டுமே. அதாவது எரிபொருளுக்கு இடம் கொடுத்து, ஆட்களைக் குறைத்துக்கொண்ட விமானம் அது.

இப்போது அந்த ஏழு டிகிரி வித்தியாசத்துக்கு வருவோம். எரிபொருள் அதன் உறைநிலைக்கு 3 டிகிரி மேலேயே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சிங்கப்பூரிலிருந்து ஜெட் ஏ-1 நிரப்பிக்கொண்டு போகும்போது எல்லைக்கோடு மைனஸ் 44. திரும்பி வரும்போது அமெரிக்காவில் ஜெட் ஏ நிரப்பினால் அதே விமானத்துக்கு எல்லைக்கோடு மைனஸ் 37. விமானம் ஒன்றுதான், ஆனால் வரும் வழியில் விமானிகள் ஏழு டிகிரி முன்னதாகவே விழித்துக்கொள்ள வேண்டும். கலனில் பழைய எரிபொருள் மிச்சமிருந்து இரண்டும் கலந்துவிட்டால், இரண்டில் முதலில் உறையக்கூடியது எதுவோ அதன் கணக்கைப் பின்பற்றுவதே பாதுகாப்பான வழி.

எல்லையை நெருங்கினால் விமானி என்ன செய்வார்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உயரத்தைக் குறைப்பது. பொதுவாக 3,000 முதல் 5,000 அடி வரை இறங்கினால் சற்று வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். இரண்டாவது, பாதையை மாற்றுவது. கடுங்குளிர்க் காற்றும் மேகம்போலத் திரள் திரளாக நகர்கிறது. வானிலை வரைபடத்தைப் பார்த்து அதைச் சுற்றிக்கொண்டு போகலாம். மூன்றாவது, வேகத்தைக் கூட்டுவது. ஒலி வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட்டினால் இறக்கை அரை டிகிரி முதல் முக்கால் டிகிரி வரை சூடாகும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் விலை உண்டு. தாழப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சுற்றிப் போனாலும் அப்படியே. வேகமாகப் போனாலும் அப்படியே. எரிபொருளைக் காப்பாற்ற எரிபொருளையே செலவழிக்க வேண்டும். அதுவும் உடனே பலன் தெரியாது. டன் கணக்கில் குளிர்ந்துபோன திரவம் கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டுதான் மாறத் தொடங்கும். அதனால்தான் இந்த முடிவுகளில் பலவற்றைத் தரையிலேயே, புறப்படுவதற்குமுன், விமானத் திட்டம் வகுப்பவர்கள் எடுத்துவிடுகிறார்கள். துருவப் பகுதியைக் கடக்கும் தன் நாட்டு விமான நிறுவனங்களிடம் எரிபொருள் உறைவைச் சமாளிக்கும் திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை ஆணையம் விதித்திருக்கிறது.

நாம் மூன்றாவது படத்தைப் பார்த்துக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில், முன்னறையில் ஒருவர் திரையின் ஓரத்தில் உள்ள ஒரு சிறிய எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எரிபொருளின் வெப்பநிலை அது.

தண்ணீர் என்ற இன்னோர் எதிரி

இதுவரை சொன்னது எரிபொருளே உறைவதைப் பற்றி. இதைவிடத் தந்திரமான எதிரி ஒன்று உண்டு. அது தண்ணீர்.

எவ்வளவு சுத்தமான எரிபொருளிலும் மிகச் சிறிதளவு தண்ணீர் கரைந்தே இருக்கும். சூடான எரிபொருள் கூடுதல் தண்ணீரைத் தாங்கும். குளிரும்போது அந்தத் தண்ணீர் நுண் துளிகளாகப் பிரிந்து வெளியே வரும். போதாக்குறைக்கு, விமானம் தரையிறங்கும்போது காலியான கலன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் உங்களுக்கே தெரியும். குளிர்ந்த கலனுக்குள் அந்தக் காற்று போனால், ஐஸ் மைலோ குவளையின் வெளியே முத்து முத்தாக நீர் கோப்பதுபோல உள்ளே நீர் கோக்கும். இந்த நீர் தேங்கினால் அதில் பூஞ்சைகூட வளரும். எனவே கலனின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துப் பார்ப்பது பராமரிப்பு ஊழியர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு பாத்திரம், ஒரு விளக்கு, கவனமான இரண்டு கண்கள்.

ராணுவ விமானங்களின் எரிபொருளில் பனித்தடுப்பு மருந்து கலக்கும் வழக்கம் உண்டு. பெரிய பயணி விமானங்களில் பொதுவாகக் கலப்பதில்லை. எரிபொருளைச் சூடாக்கும் கருவி இயந்திரத்திலேயே இருக்கிறது, அது போதும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு நாள் சோதனை வந்தது.

2008 ஜனவரி 17

அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 38ஆம் எண் விமானம். ரோல்ஸ்-ராய்ஸ் டிரெண்ட் 800 இயந்திரங்கள் இரண்டு பொருத்திய போயிங் 777. பயணிகள் 136 பேர், சிப்பந்திகள் 16 பேர். தலைமை விமானி பீட்டர் பர்கில். பெய்ஜிங்கில் நிரப்பி முடித்தபோதே எரிபொருளின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 2. வழியில் யூரல் மலைகளைத் தாண்டிய பகுதியில் வெளிக்காற்று மைனஸ் 70க்கும் கீழே. விமானிகள் எரிபொருள் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தார்கள். மிகக் குறைந்தபட்சமாக அது மைனஸ் 34 வரை போனது. விதித்த எல்லையைத் தொடவே இல்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அந்த எரிபொருளின் உண்மையான உறைநிலை மைனஸ் 57 என்று தெரிந்தது. அதாவது எரிபொருள் உறையவில்லை, உறையும் நிலைக்கு அருகில்கூடப் போகவில்லை.

பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணம் அமைதியாக முடியும் நேரம். ஹீத்ரோ ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. துணை விமானி ஜான் கோவர்ட் கட்டுப்பாட்டை ஏற்றிருக்கிறார். தரையிலிருந்து 720 அடி உயரத்தில் வலது இயந்திரத்தின் விசை குறைகிறது. ஏழு விநாடி கழித்து இடது இயந்திரத்தின் விசையும் குறைகிறது. இரண்டும் நின்றுவிடவில்லை, சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் கேட்ட விசையைக் கொடுக்கவில்லை. அந்த உயரத்தில், அந்த வேகத்தில், யோசிக்க ஒரு நிமிடம்கூட இல்லை.

அப்போது தலைமை விமானி செய்தது ஒரே ஒரு காரியம். இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்டிருந்த மடல்களை 30லிருந்து 25க்குச் சற்றே உள்ளிழுத்தார். காற்றின் தடை கொஞ்சம் குறைந்தது. விமானம் இன்னும் ஏறத்தாழ 50 மீட்டர் கூடுதலாகப் போனது. அதனால் ஓடுபாதைக்குமுன் நிற்கும் வழிகாட்டிக் கம்பக் கட்டமைப்பின் மீது மோதாமல் தப்பியது. சாலையையும் வேலியையும் தாண்டி, ஓடுபாதைக்கு 330 மீட்டர் முன்னால் புல்தரையில் விழுந்து சறுக்கி நின்றது. 47 பேருக்குக் காயம், அதில் ஒருவருக்கு மட்டும் பலத்த காயம். 152 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஐந்து லிட்டர் தண்ணீர்

காரணத்தைக் கண்டுபிடிக்க பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி இறுதி அறிக்கை வெளியானது.

இயந்திரத்தில் எண்ணெயும் எரிபொருளும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. சூடான மசகு எண்ணெய் குளிர வேண்டும், குளிர்ந்த எரிபொருள் சூடாக வேண்டும். இரண்டையும் அருகருகே ஓடவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எரிபொருள் இந்தக் கருவிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்களின் வழியே போகிறது.

அந்த விமானம் சுமந்து சென்ற 79,000 கிலோ எரிபொருளில், கரைந்தும் கரையாமலும் இருந்த தண்ணீர் அதிகபட்சம் 5 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். நாம் மாமிக்கடையில் வாங்கும் பெரிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றின் அளவு. விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள்தான். நீண்ட பயணத்தில் இந்தத் தண்ணீர் நுண்ணிய பனித்துகள்களாக மாறி, கலனிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயின் உட்சுவரில் மெல்ல ஒட்டிக்கொண்டது. பனி நன்றாக ஒட்டிக்கொள்வது மைனஸ் 5க்கும் மைனஸ் 20க்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் என்பதும் சோதனைகளில் தெரிய வந்தது. பயணம் முழுவதும் இயந்திரம் அதிக விசை கேட்காமல் ஓடியதால் எரிபொருளும் மெதுவாகவே ஓடியது. ஒட்டிய பனி ஒட்டியபடியே இருந்தது.

இறங்கும் கடைசி நேரத்தில் இயந்திரம் விசை கேட்டது. எரிபொருள் வேகமெடுத்தது. வாய்க்காலில் தேங்கிக் கிடந்த சருகுகளை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வருமே, அதுபோல ஒட்டியிருந்த பனி பெயர்ந்து வந்தது. வெப்பப் பரிமாற்றக் கருவியின் வாசலில், சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்த குழாய் முனைகளின் மீது போய் அடைத்துக்கொண்டது. எரிபொருளைச் சூடாக்க வைத்த கருவியின் வாசலையே பனி மூடிவிட்டது. இரண்டு இயந்திரங்களுக்கும் ஒரே பயணம், ஒரே எரிபொருள், ஒரே வடிவமைப்பு. எனவே இரண்டும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன.

இது அபூர்வமாக ஒருமுறை நடந்தது என்று தள்ளிவிட முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி ஷாங்காயிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன டெல்டா நிறுவனத்தின் விமானத்தில், அதே வகை இயந்திரம் ஒன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கு மேலே விசை குறைந்தது. நல்லவேளையாக அது உயரத்தில் நடந்தது. விமானிகள் கீழே இறங்கினார்கள், இயந்திரம் மீண்டது, விமானம் பத்திரமாக அட்லாண்டா போய்ச் சேர்ந்தது.

பிறகு ரோல்ஸ்-ராய்ஸ் அந்தக் கருவியை மாற்றி வடிவமைத்தது. துருத்திய குழாய் முனைகள் தட்டோடு தட்டாகச் சமமாக்கப்பட்டன. அது பொருத்தப்படும்வரை விமானிகளுக்கு இடைக்கால விதிமுறைகள் கொடுத்தார்கள். நீண்ட நேரம் குளிரில் பறந்தபின், இறங்கத் தொடங்குமுன் உயரத்திலேயே ஒருமுறை முழு விசை கொடுத்துக் குழாயில் ஒட்டிய பனியைக் கழுவிவிட வேண்டும். இயந்திரம் விசை கொடுக்க மறுத்தால், விசையைக் குறைத்துச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். ஓட்டம் குறைந்தால் சூடான எண்ணெய் அந்தப் பனியை உருக்கிவிடும். விசை வேண்டும் என்று தவிக்கும் நேரத்தில் விசையைக் குறை என்கிறது விதி. மனித இயல்புக்கு முற்றிலும் எதிரானது. அதனால்தான் அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இது எங்கோ லண்டனில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடமும் டிரெண்ட் 800 இயந்திரம் பொருத்திய போயிங் 777 விமானங்கள் பெருமளவில் இருந்தன. நம்மில் எத்தனையோ பேர் பயணம் செய்த விமானங்கள் அவை. ஹீத்ரோ புல்தரையில் கற்ற பாடம் நம் வீட்டுப் பயணங்களுக்கும் காப்பாக அமைந்தது.

இனி என் தொழிலைப் பற்றி

விபத்து நடந்த அன்று பிற்பகலே உலகத் தொலைக்காட்சிகளில் விளக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. எரிபொருள் தீர்ந்துவிட்டதோ? பறவைகள் மோதியிருக்குமோ? அன்று ஹீத்ரோவில் பிரிட்டிஷ் பிரதமர் சீனாவுக்குப் புறப்பட இருந்தார். அவருடைய பாதுகாப்பு வாகனங்களின் மின்காந்தக் கருவிகள் விமானத்தைப் பாதித்தனவோ? இப்படிப் பல ஊகங்கள். ஒன்றுகூட உண்மையில்லை என்று பின்னர் தெரிந்தது.

ஊகங்கள் இயந்திரங்களோடு நிற்கவில்லை. முதலில் தலைமை விமானி வீரர் என்றார்கள். விமானத்தைத் தரையிறக்கியவர் துணை விமானி என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. நெருக்கடி நேரத்தில் தலைமை விமானி கை கால் ஓடாமல் உறைந்துபோய்விட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அது தம்மையும் தம் குடும்பத்தையும் எப்படி வாட்டியது என்பதை பர்கில் பின்னர் பேட்டிகளிலும் தம் நூலிலும் சொல்லியிருக்கிறார். 2009இல் அவர் வேலையை விட்டு விலகினார்.

உறைந்தது மனிதர் அல்லர், எரிபொருளில் இருந்த தண்ணீர் என்பது அறிக்கை வந்தபின் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அந்தச் சில விநாடிகளில் மடல்களை உள்ளிழுத்த முடிவு விமானம் கம்பக் கட்டமைப்பில் மோதாமல் தப்ப உதவியது என்பதும் அறிக்கையில் இருந்தது. 2010ஆம் ஆண்டிலேயே அவர் மீண்டும் அதே நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார். ஆனால் இடையில் போன காலத்தை யார் திருப்பித் தருவது?

என் துறையில் வேகம்தான் மூலதனம். படம் வந்துவிட்டது, காரணம் இன்னும் வரவில்லை என்ற இடைவெளியில் எதையாவது சொல்லி நிரப்பத் தூண்டும் வேலை இது. விபத்துப் புலனாய்வோ நேர் எதிரானது. அனைத்துலக விதிகளின்படி அதன் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மேலும் பழி போடுவது அல்ல. சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவும் இதே நெறியில்தான் இயங்குகிறது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் குழாயை வைத்து, எரிபொருளை ஓடவிட்டு, தண்ணீர் சேர்த்து, குளிர்வித்து, மறுபடி மறுபடி சோதித்தார்கள். பனி உருகிவிட்டால் தடயமே மிஞ்சாது. காணாமல் போன சாட்சியைத் தேடி இரண்டு ஆண்டுகள் உழைத்தார்கள். அந்தப் பொறுமை இல்லாமல், விமானியின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருந்தால், துருத்திய அந்தக் குழாய் முனைகள் அப்படியே பறந்துகொண்டிருக்கும்.

இன்று இந்த வேகம் தொலைக்காட்சியோடு நிற்பதில்லை. உங்கள் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. ஒரு விபத்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குடும்பக் குழுவில் ‘விமானி தூங்கிவிட்டாராம்’ என்று செய்தி வருகிறது. அதை அனுப்பிவிடும் மாமாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த விமானிக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு குடும்பக் குழு இருக்கிறது.

சமையல் எண்ணெயும் நாளைய விமானமும்

நிறைவாக, வருங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் விமான எரிபொருள் செய்யும் காலம் இது. இங்கிருந்து சற்று மேற்கே துவாஸில் உள்ள நெஸ்டே நிறுவனத்தின் ஆலை 2023இல் விரிவாக்கப்பட்டபின், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை இத்தகைய எரிபொருளைத் தயாரிக்கும் திறன் பெற்றது.

வடை பொரித்த எண்ணெயில் விமானம் பறக்குமா என்று சிரிக்கலாம். இங்கேயும் குளிர்தான் பெரிய சவால். கொழுப்பிலிருந்து நேராகக் கிடைப்பவை நீண்ட நேர்ச் சங்கிலிப் பொருள்கள். அவற்றில் 16 கரி அணுக்கள் கொண்ட ஒன்று 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். நம் குளிர்சாதன அறையே அதற்குத் துருவப் பிரதேசம். எனவே அந்தச் சங்கிலிகளை உடைத்து, கிளை விட்ட வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். கிளை விட்டவை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காக முடியாது, அதனால் எளிதில் உறையாது. அதன் பிறகும் வழக்கமான எரிபொருளோடு கலந்தே பயன்படுத்த வேண்டும், கலவையில் பாதிக்கு மேல் அது இருக்கக்கூடாது. கலந்த பின்னும் ஜெட் ஏ-1 என்றால் மைனஸ் 47 என்ற தேர்வில் தேற வேண்டும். பசுமை எரிபொருள் என்பதற்காகக் குளிர் யாருக்கும் சலுகை காட்டாது.

இந்த அவையில் இருப்பவர்களில் சிலர் அந்தச் சோதனைக் குழாயைக் கையில் பிடிப்பவர்கள். சிலர் குழாய்களைப் பற்றவைப்பவர்கள், வால்வுகளைத் திருகுபவர்கள், இரவு ஷிப்டில் எண்களைக் குறிப்பேட்டில் எழுதுபவர்கள். நீங்கள் எழுதும் ஓர் எண்ணை நம்பி, வடதுருவத்துக்கு அருகே பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஒரு விமானி முடிவெடுக்கிறார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்களுக்கும் அவர் பெயர் தெரியாது. மாதிரியில் ஒரு துளி தண்ணீர் கண்ணில் பட்டால், ‘பரவாயில்லை, சின்ன அளவுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். 79,000 கிலோவில் 5 லிட்டர் என்ன செய்தது என்று பார்த்தோம்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று திரையில் சொல்லத் துணிவது எங்கள் கடமை. அப்படிச் சொல்லும் நாளில் சேனலை மாற்றிவிடாமல் இருப்பது உங்கள் ஒத்துழைப்பு.